ஐபிஎம் மாடல் எம்: எதில் சிக்கனம், எதில் தாராளம்

பழைய மாடல் எம் கீபோர்டு ஒன்று கைக்கு வந்தால், கணினியில் சொருகுவதற்கு முன் அதைச் சரித்துப் பார்ப்பது விஷயம் தெரிந்தவர்களின் வழக்கம். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் பலகை; தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டுவதுபோல ஆட்டிவிட முடியாது. இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லச் சாய்க்க வேண்டும். உள்ளே கடுகு உருள்வதுபோலச் சத்தம் கேட்டால், பிளாஸ்டிக் ரிவெட்டுகளின் தலை முறிந்து பெட்டிக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று தலை போனால் ஒன்றும் ஆகாது. ஒரே இடத்தில் வரிசையாகப் போயிருந்தால் அந்தப் பகுதி விசைகள் தொய்ந்துவிடும். அடித்தால் எழுத்து விழாது; விழுந்தாலும் அந்தப் பேர்போன 'டக்' மொட்டையாகக் கேட்கும்.

இந்தக் கீபோர்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகட்டில் ஆரம்பித்து, அந்தக் காலத்துச் சாமான் அந்தக் காலத்துச் சாமான்தான் என்று முடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உருக்கி அமுக்கிய பிளாஸ்டிக் குமிழ்களால் கட்டி நிறுத்தப்பட்ட பொருள் இது. இதற்கு முந்தைய மாடல் செய்ய அதிகச் செலவு பிடித்தது. அதைக் குறைப்பதற்காகவே ஐபிஎம் இதை உருவாக்கியது. சிக்கனத்துக்காகப் பிறந்த ஒன்றை நாற்பது ஆண்டு கழித்தும் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள் என்றால், எதில் கை வைத்தார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

விசை ஒன்றுக்கு மூன்று வேலை. அழுத்தியதை இயந்திரத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவாகிவிட்டது என்று விரலுக்குச் சொல்ல வேண்டும். பிறகு பழைய இடத்துக்கு எழும்ப வேண்டும். கைத் தட்டச்சுப்பொறியில் இவற்றைத் தனித்தனியாக யோசிக்கத் தேவை இருக்கவில்லை. விரலின் பலமே நெம்புகோல் வழியாக எழுத்துக் கம்பியைத் தூக்கிக் காகிதத்தில் அறைந்தது. கம்பி போய்ச் சேர்ந்ததை விரலும் அறிந்தது, காதும் அறிந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுண்டுவிரலுக்குப் பலம் போதாது என்பதால் 'ஏ' எழுத்து மட்டும் மங்கலாக விழும். மாஸ்டர் தாளைப் பார்த்த மாத்திரத்தில் எந்த விரல் சோம்பேறி என்று கண்டுபிடித்துவிடுவார்.

1961-ல் ஐபிஎம் வெளியிட்ட செலக்ட்ரிக் தட்டச்சுப்பொறியில் அடிக்கும் வேலை மோட்டாருக்குப் போனது. எழுத்துகள் பொறித்த உருண்டை ஒன்று சுழன்று திரும்பிக் காகிதத்தைத் தொடும். விரல் ஏவினால் போதும். ஆனாலும் உள்ளே நெம்புகள் விழுவதும் எழுவதும் விசை வழியாகக் கைக்கு எட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்க அலுவலகங்களில் ஒரு தலைமுறையின் விரல்கள் அதற்குப் பழகிப்போயின. அவர்கள் முன்னால் கணினித் திரையைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் சங்கடம் தொடங்கியது. கணினிக்கு வேண்டியது ஒரு மின்தொடர்பு, அவ்வளவே. நெம்பு இல்லை, உருண்டை இல்லை, விரலுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் இயந்திரத்தின் போக்கில் இலவசமாகக் கிடைத்துவந்த உணர்வை இனிமேல் காசு போட்டுத் தயாரிக்க வேண்டும் என்றாயிற்று. 1970-களில் வந்த கீபோர்டு வகைகள் எல்லாம் இந்த ஒரே சிக்கலுக்குச் சொன்ன வெவ்வேறு பதில்கள்.

சிலர் அந்தச் சிக்கலைக் கண்டுகொள்ளவே இல்லை. ஹனிவெல்லின் மைக்ரோ ஸ்விட்ச் பிரிவு 1960-களின் இறுதியில் ஹால் விளைவை விசைக்குள் கொண்டுவந்தது. தண்டில் ஒரு காந்தம், கீழே அதை உணரும் சில்லு. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை, ஆகவே தொடுமுனை தேய்வதற்கு வழியில்லை. எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் புகழ்பெற்ற ஸ்பேஸ் கேடட் கீபோர்டு இந்த வகைதான். உழைப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் விரல் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். எந்த இடத்தில் எழுத்து பதிவானது என்று கடைசிவரை தெரியாது. இன்று கேமிங் கீபோர்டுகளில் அதே காந்தம் புதுமை என்ற பெயரில் திரும்பி வந்திருப்பது தனிக்கதை. ஸ்பஞ்சின் அடியில் உலோகம் பூசிய தாளை ஒட்டி மின்தேக்கத்தை மாற்றும் மலிவு வகை ஒன்றும் இருந்தது. ஸ்பஞ்சு காலப்போக்கில் பொடிப்பொடியாக உதிரும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஏதும் இல்லை.

ஐபிஎம்முக்குத் தன் தட்டச்சர்களைக் கைவிட மனமில்லை. 1971-ல் அறிவித்த 3270 வரிசை முனையங்களின் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு வளைந்த எஃகுப் பட்டை. திருவிழாக் கடையில் விற்கும் தகரத் தவளையை அமுக்கினால் ஒரு கட்டத்தில் 'டிக்' என்று மறுபக்கம் துள்ளுமே, அதே தத்துவம். பட்டை துள்ளும்போது கீழே ஒரு சிறு தகடு நகர்ந்து மின்தேக்கம் மாறும். அது போதாதென்று சில மாடல்களில் ஒரு சோலனாய்டையும் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அது உள்ளேயிருந்து தட்டிச் சத்தம் கொடுக்கும். சத்தமே போடாத ஓர் இயந்திரத்துக்குச் சத்தம் போட ஆள் வைத்த மாதிரி. பயன்படுத்திப் பார்த்தவர்கள் இன்றும் உருகிப் பேசும் கீபோர்டு அது. ஆனால் உயரம் அதிகம், கனம் அதிகம், விலையும் அதிகம். அறை நிறைய நிற்கும் பெரிய கணினிகளுக்குப் பொருந்தும். மேசைமேல் வைக்கும் கணினிக்குக் கட்டுபடியாகாது.

இந்த இடத்தில்தான் ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் என்ற ஐபிஎம் பொறியாளர் வருகிறார். 1972-ல் அவர் பெற்ற காப்புரிமையின் தலைப்பே 'பேரழிவாக நொடியும்' தண்டைப் பற்றியது. கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அது கெட்ட வார்த்தை. தென்னை ஈர்க்கு ஒன்றை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே நட்டமாக வைத்து அழுத்திப் பாருங்கள். கொஞ்சநேரம் விறைப்பாக நிற்கும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் முன்னறிவிப்பே இல்லாமல் நடுவில் வில்லாக வளைந்துவிடும். அதற்குப் பிறகு அதை மேலும் வளைக்க அத்தனை பலம் தேவைப்படாது. இந்த எல்லையைக் கணக்குப் போட்டு 1744-லேயே எழுதிவைத்தவர் லியோனார்டு ஆய்லர். தூண் இப்படி நொடிந்தால் கூரை தலையில் விழும். ஆகவே பொறியாளர்கள் காலங்காலமாக இதைத் தவிர்ப்பதற்கே கணக்குப் போட்டார்கள். ஹாரிஸ் வரவழைப்பதற்குக் கணக்குப் போட்டார். 1978-ல் கிடைத்த இரண்டாவது காப்புரிமையில் அந்த யோசனை இன்றைக்கு நாம் காணும் வடிவத்துக்கு வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு விசையைக் கழற்றிப் பார்த்தால் போதும். மேலே மூடி. மூடியின் அடியில் ஒரு சிறு குமிழ். அந்தக் குமிழைத் தலையில் தாங்கிக்கொண்டு, குழாய் போன்ற ஒரு கூட்டுக்குள் மெல்லிய சுருள் ஸ்பிரிங் நிற்கிறது. ஸ்பிரிங்கின் கால் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டில் பொருந்தியிருக்கிறது. அந்தத் துண்டு அசையாமல் ஒட்டிக்கிடப்பதில்லை. ஏற்றப்பலகைபோல முன்னும் பின்னும் ஆடும். இதைத்தான் சுத்தியல் என்கிறார்கள். ஸ்பிரிங் செங்குத்தாக நிற்காமல் ஒரு பக்கம் சற்றுச் சாய்வாக இருத்தப்பட்டிருக்கிறது. எப்போது நொடியும் என்பதோடு எந்தப் பக்கம் நொடியும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கும் சாய்வு அது.

அழுத்தும்போது முதலில் எதிர்ப்பு சீராக ஏறிக்கொண்டே போகும். ஏறக்குறைய 70 கிராம் எடையை விரல்நுனியில் வைத்த அளவு வந்ததும் ஸ்பிரிங்கின் இடுப்பு சட்டென்று ஒடிவதுபோல வளைந்து கூட்டின் சுவரில் மோதுகிறது. 'டக்' என்று நாம் கேட்பதில் பெரும்பங்கு அந்த மோதல்தான். அதே கணத்தில் ஸ்பிரிங்கின் கால் திரும்ப, சுத்தியல் புரண்டு கீழே அறைகிறது; எழுத்து பதிவாகிறது. விரலுக்கு அடியில் எதிர்ப்பு விழுந்துவிட்டதால் கையும் தளர்கிறது. விட்டதும் ஸ்பிரிங் நிமிர்ந்து மூடியை மேலே தள்ளுகிறது. அப்போது இன்னொரு மெல்லிய சத்தம்.

இதில் கவனிக்க வேண்டியது, மூன்று வேலையையும் ஒரே கம்பி செய்கிறது என்பது. விரலுக்குப் போன செய்தியும் கணினிக்குப் போன செய்தியும் ஒரே நிகழ்ச்சி. இன்று பரவலாக விற்கும் ரப்பர் குமிழ்க் கீபோர்டில் அப்படியில்லை. அங்கே குமிழ் முதலில் அமுங்குகிறது, தொடர்பு அடியில் போய் முட்டும்போதுதான் உண்டாகிறது. விரல் 'ஆயிற்று' என்று நினைக்கும் இடமும் எழுத்து விழும் இடமும் வேறு வேறு. அதனால்தான் பலர் மேசை அதிர ஓங்கி அடிக்கிறார்கள். பாவம், விசையை நம்பவில்லை. செர்ரி எம்எக்ஸ் பழுப்பு விசையில் தண்டிலுள்ள ஒரு மேடு தடங்கலைத் தருகிறது, தங்கம் பூசிய தொடுமுனைகள் தொடர்பைத் தருகின்றன. இரண்டும் அக்கம்பக்கமாக நடக்கும்படி பொருத்தி வைத்திருக்கிறார்கள். நல்ல பொருத்தம்தான், ஆனால் பொருத்தம்தான்.

ஹாரிஸின் ஸ்பிரிங் முதலில் இடம்பிடித்தது மாடல் எஃப் என்ற வரிசையில். 1981 ஜூலையில் வந்த டேட்டாமாஸ்டரிலும், அடுத்த மாதம் 12-ம் தேதி அறிவிக்கப்பட்ட ஐபிஎம் பிசியிலும் இருந்தவை அவைதான். சுத்தியலின் அடியில் மின்சுற்றுப் பலகை; கார்பன் கலந்த பிளாஸ்டிக் சுத்தியல் புரளும்போது மின்தேக்கம் மாறும். எதுவும் எதையும் தொட்டு மின்சாரம் கடத்த வேண்டியதில்லை. எத்தனை விசையை ஒரே நேரத்தில் அழுத்தினாலும் குழப்பம் கிடையாது. மேலும் கீழும் எஃகுத் தகடு. செய்நேர்த்தியில் மாடல் எம்மைவிட எஃப்தான் உயர்ந்தது. இதை எம் பக்தர்கள் ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் தயங்குவார்கள். ஆனால் விசைகளை அடுக்கிய விதம் எரிச்சலூட்டியது. பிசியின் 83 விசைக் கீபோர்டில் என்டர் சுண்டைக்காய் அளவு. இடது ஷிஃப்டுக்கும் 'இசட்'டுக்கும் நடுவே தேவையில்லாத ஒரு சாய்கோட்டு விசை. கேப்ஸ் லாக் போட்டிருக்கிறதா இல்லையா என்று காட்ட ஒரு விளக்குகூட இல்லை. விளக்குகள் 1984-ல் ஏடி கணினியோடுதான் வந்தன.

1985-ல் மாடல் எம் வந்தது; 1987-ல் பிஎஸ்/2 கணினிகளோடு உலகெங்கும் போனது. சுற்றுப் பலகையை எடுத்துவிட்டுக் கடத்து மை அச்சிட்ட மூன்று அடுக்கு பிளாஸ்டிக் தாளை வைத்தார்கள்: மேல்தாள், கீழ்த்தாள், நடுவே துளையிட்ட இடைத்தாள். சுத்தியல் அறையும்போது மேல்தாள் துளை வழியாகக் கீழ்த்தாளைத் தொடும். இன்றைக்கு மெம்பிரேன் கீபோர்டு என்றாலே மட்டமானது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், மாடல் எம்மும் மெம்பிரேன் கீபோர்டுதான் என்று கேட்டால் கொஞ்சம் அதிர்ந்துபோவார்கள். மேல் எஃகுத் தகடும் போயிற்று. ஸ்பிரிங்குகளுக்கான கூடுகளெல்லாம் ஒரே வார்ப்பாக அமைந்த பிளாஸ்டிக் தகடு அந்த இடத்துக்கு வந்தது. அதன் அடியில் டஜன் கணக்கில் பிளாஸ்டிக் காம்புகள். அவை தாள்களையும் அடியிலுள்ள எஃகுத் தகட்டையும் துளைத்து வெளியே வரும்; நுனியை உருக்கி அமுக்கினால் ரிவெட். திருகு இல்லை, திருகுவதற்கு ஆள் இல்லை. நாம் சரித்துப் பார்க்கும்போது உருளுகிற கடுகு இதுதான்.

தாள்களால் வந்த இன்னொரு குறை, சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் குழம்பிப்போவது. விசைகள் கட்டம்போட்ட கம்பி வலையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் நான்காவதும் அழுந்தியதுபோல மின்சாரம் சுற்றிவரும். எது நிஜம் என்று தெரியாமல் கட்டுப்பாட்டுச் சில்லு மூன்றாவதை ஒதுக்கிவிடும். கட்டுரை அடிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கேம் ஆடுகிறவருக்கு உயிர் போகும் விஷயம்.

ஆனால் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. விசைக்கு ஒன்று, அதற்கொரு சுத்தியல், அதற்கொரு கூடு என்ற கணக்கு அப்படியே நின்றது. நூற்றியொரு விசைக்கும் தனித்தனியாக வைக்கும் செலவு சின்னதில்லை. ஒரே ரப்பர் விரிப்பில் நூறு குமிழை வார்த்துப் போட்டால் முடிந்துபோகும் காரியம். அடி எஃகுத் தகட்டையும் விடவில்லை. அதை வில்போல வளைத்திருந்ததால் ஒரு லாபமும் கிடைத்தது. பிற கீபோர்டுகளில் மேல்வரிசை மூடி ஒரு சரிவு, கீழ்வரிசை மூடி ஒரு சரிவு என்று வரிசைக்கு ஒரு வார்ப்பு வேண்டும். இங்கே தகடே வளைந்திருப்பதால் எல்லா வரிசைக்கும் ஒரே வடிவ மூடி போதும். மூடிக்கு பிபிடி என்ற கெட்டி பிளாஸ்டிக். எழுத்துகள் மேலே அச்சிட்டவை அல்ல, வெப்பத்தில் சாயத்தை உள்ளே இறங்கவிட்டவை. நகம் தேய்ந்தாலும் எழுத்து தேயாது. ஆரம்பகால எம்களில் மூடி இரண்டு துண்டு: எழுத்துள்ள தொப்பி தனி, தண்டு தனி. ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ அனுப்ப வேண்டுமென்றால் தொப்பியை மட்டும் மாற்றினால் ஆயிற்று. இதில் தாராளம் எது, சிக்கனம் எது என்று பிரிப்பதே கஷ்டம்.

வேடிக்கையான ஒரு விஷயம். பெட்டியின் அடியில் ஒலிபெருக்கிக்கான துளை வரிசை ஒன்று உண்டு. பிசிக்குப் போன கீபோர்டுகளில் உள்ளே ஒலிபெருக்கி கிடையாது. அது சில முனையங்களுக்கும் பணிநிலையங்களுக்கும் தேவைப்பட்டது. அச்சு ஒன்றாக இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் துளை போட்டுவிட்டார்கள்.

விசை அடுக்கில் மாடல் எம்முக்குக் கிடைத்த வெற்றி ஸ்பிரிங்குக்குக் கிடைக்கவில்லை. அம்புக்குறிகளைத் தலைகீழ் 'டி' வடிவில் வைப்பது டிஇசி நிறுவனம் 1982-ல் தன் எல்கே201 கீபோர்டில் பரவலாக்கிய யோசனை. அதை எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் பத்தாக இருந்த செயல்விசைகளைப் பன்னிரண்டாக்கி மேலே ஏற்றி, எண் பட்டையை வலது ஓரம் நிறுத்தி ஐபிஎம் போட்ட 101 விசை அடுக்குதான் இன்று எந்தக் கடையில் எந்தக் கீபோர்டை எடுத்தாலும் அடியில் இருப்பது. விண்டோஸ் விசை 1994-ல் மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் கீபோர்டோடு வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் மாற்றம். அதுவரை 'ஏ'க்குப் பக்கத்தில் இருந்த கன்ட்ரோல் விசையை மூலைக்குத் தள்ளி, அந்த நல்ல இடத்தைக் கேப்ஸ் லாக்குக்குக் கொடுத்ததும் இந்த அடுக்குதான். நிரல் எழுதுகிறவர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. எனக்கும் கோபம்தான்.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1980-களில் ஜெர்மன் பணியிடத் தரநிலை, விரல்கள் தங்கும் நடுவரிசை மேசையிலிருந்து 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றது. அந்த உயரத்துக்குள் அடங்கும்படி செர்ரி செய்த எம்எக்ஸ் விசை, இன்றைய மெக்கானிக்கல் கீபோர்டு சந்தை முழுவதற்கும் மூதாதை. ஜப்பானின் ஆல்ப்ஸ் விசைகள் 1987-ன் ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டில் இருந்தன. என் விரலுக்கு எம்முக்கு அடுத்தபடி பிடித்தது அதுதான். பிறகு கணினி விலை சரியச் சரிய, கீபோர்டுக்கு யாரும் காசு ஒதுக்கவில்லை. ரப்பர் குமிழ் எல்லாரையும் விழுங்கியது. செலக்ட்ரிக்கும் மாடல் எம்மும் பிறந்த கென்டகி மாநில லெக்சிங்டன் ஆலையை ஐபிஎம் 1991-ல் கைமாற்றிவிட்டது. அது லெக்ஸ்மார்க் ஆனது. 1996-ல் லெக்ஸ்மார்க்கும் கீபோர்டு வேண்டாம் என்று விலகியபோது, கருவிகளையும் காப்புரிமைகளையும் யூனிகாம்ப் என்ற சிறு நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதே ஊரில் அந்த ஸ்பிரிங் கீபோர்டை இன்னும் செய்கிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். காபி கொட்டினால் தாள்களுக்கு நடுவே இறங்கி ஒட்டிக்கொள்ளும். பிற்கால மாடல்களில்தான் நீர் வடிய வழி வைத்தார்கள். பழைய கட்டுப்பாட்டுச் சில்லுகள் கூடுதல் மின்சாரம் இழுப்பதால் சில மலிவு யுஎஸ்பி மாற்றிகளில் வேலையே செய்யாது. முழுநாளும் 70 கிராம் என்பது எல்லார் விரலுக்கும் ஒத்துவராது.

என்னிடம் இருப்பதன் அடிப்பக்க லேபிளில் 1989 என்று இருக்கிறது. சரித்தபோது கடுகு உருண்டது. திறக்கச் சாதாரண திருப்புளி உதவாது. திருகுகள் ஆழக் குழியில் இருக்கின்றன, 5.5 மில்லிமீட்டர் மெல்லிய குழாய்ச் சாவி வேண்டும். நான்கு திருகு. மூடிகளைக் கழற்றிக் குப்புறப் போட்டு, மிச்சமிருந்த ரிவெட் தலைகளை உளியால் சீவி, எஃகுத் தகட்டைத் தூக்கினேன். தாள்களுக்கு அடியில் சுத்தியல்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு ஸ்பிரிங். மூன்றில் துரு. ஒடிந்த காம்புகளில் மெல்லிய துளை போட்டு, எம்2 திருகுகளை ஒவ்வொன்றாக இறக்கி நட்டு முடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. துளைபோடும்போது துரப்பணம் வழுக்கி ஒரு கூட்டின் சுவரில் கீறல் விழுந்தது.

மூடிகளைத் திரும்பப் போடும்போது பலகையை ஸ்பேஸ் பார் மேலே வரும்படி நிமிர்த்தி நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங் கூட்டின் நடுவுக்கு வந்து மூடியின் குமிழில் சரியாக உட்காரும். படுக்கவைத்துப் போட்டால் ஓரத்தில் மாட்டிக்கொண்டு விசை ஊமையாகிவிடும். நூறு விசை சரியாக உட்கார்ந்தது. கீறல் விழுந்த கூட்டின் விசை மட்டும் மற்றவற்றைவிட அரைச் சுருதி இறங்கி ஒலிக்கிறது. அது 'ஏ'.